அன்று வந்தது சிவப்பு அரளி

இன்று காலை பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பூ வாங்கினேன். பூக்காரம்மா சிவப்பு அரளியை இலையில் சுருட்டி, ஈர வாழைநாரால் இறுக்கிக் கட்டிக் கையில் வைத்தாள். அந்த ஈர நாரின் வாசம் மூக்கில் ஏறியதும் நீர் நினைவுக்கு வந்துவிட்டீர். வீட்டுக்கு வந்தும் பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை.

ஆபீசில் உமக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. கண்ணால் பார்க்காத எதையும் நீர் ஃபைலில் எழுத மாட்டீர். நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று உச்சிவெயிலில் சைக்கிளை எடுப்பீர்; மேலதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நீர் வேறு ஆள். ஆற்றங்கரை அம்மன் கோயிலில் உம் குடும்பத்துக்குப் பரம்பரைப் பூசை. பூக்கட்டிப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, உள்ளே எந்தப் பூ என்று தெரியாமல் ஒன்றை எடுத்தால், அதுதான் உத்தரவு.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகளுக்கு ஏழு வயது. இருதயத்தில் ஓட்டை. மெட்ராஸில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அண்ணனோ, பச்சைப் பிள்ளை நெஞ்சில் கத்தி வைக்கச் சம்மதிக்க மாட்டேன் என்று நின்றார். அம்மனிடம் கேட்டுவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். முடிவை யார் தலையிலாவது இறக்கிவைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவிதான் எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. அம்மன் சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று அவள் அழுதுகொண்டே கும்பிட்டாள். அதே மூச்சில் அண்ணன், "வேண்டாம்னு உத்தரவாயிட்டு, கிளம்புங்க" என்றார். வள்ளியூரில் என் மனைவி பிறந்த வீட்டில் சிவப்புதான் சம்மதம். எங்கள் வீட்டில் வெள்ளை. எந்தப் பூவுக்கு என்ன பதில் என்று எடுப்பதற்கு முன்பே கேட்டு உரக்கச் சொல்ல வேண்டியவர் பூசாரி. எங்கள் பிள்ளை என்ற பதற்றத்தில் அன்று நீர் கேட்க மறந்திருந்தீர்.

எல்லாரும் உம் முகத்தைப் பார்த்தோம். நீர் எதைச் சொல்லியிருந்தாலும் அடங்கியிருப்போம். திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தீர்.

"முன்கூட்டிக் கேக்காதது என் தப்பு. சிவப்பு வந்திருக்கு, அம்புட்டுதான் தெரியும். அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது வே."

அப்படியானால் திரும்பக் கட்டும் என்றார் அண்ணன். நமக்குப் பிடித்தது வரும்வரை கட்டிக்கொண்டே இருப்போம், அது கேட்பது ஆகாது என்று மறுத்துவிட்டீர். பிறகு என்னைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர். "இது நமக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சதை வச்சு நீரே முடிவு பண்ணும் வே. நான் கூட வாரேன்."

உண்மையைச் சொல்கிறேன், அன்று உம் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு பொய் சொன்னால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்தேன். நீர் லீவு போட்டு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டு நாள் என்னோடு கிடந்தீர். ஊரில், பூசாரிக்கே தெரியலையாம் என்று சிரித்தார்கள். பூக்கட்ட வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நீர் அசரவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பட்டுப்பாவாடை கட்டி அவளை அம்மன் முன்னால் நிறுத்தி, சிவப்புதான் சம்மதம், உம் அம்மன் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள் என்று பூரித்துப்போனேன். கோயிலில் நல்ல கூட்டம். நீர் தலையாட்டியிருந்தால் போதும், போன பேர் திரும்பியிருக்கும். பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே, "அதுவும் எனக்குத் தெரியாது வே" என்றீர். அன்றைக்குத்தான் நான் உம்மைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தீர்.

போன மாதம் உம் வீட்டு வாசலில் உம்மைக் கிடத்தியிருந்தார்கள். அம்மனே கூப்பிட்டுக்கொண்டாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் அண்ணனும் சொல்லிவிட்டு, நானும் ஆமாம் போடுவேன் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் நின்ற என் மகள், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நாடி என் விரலில் துடித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும் வே.