அண்டாவின் மேல் குறுக்கே வைத்த துடுப்பு

மச்சான்,

நீ குழம்பு கிண்டின துடுப்பு இப்போது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. காலையில் கதவைச் சாத்தும்போதெல்லாம் விறகுப் புகையும் மசாலாவும் கலந்த ஒரு வாடை வருகிறது. உன் சட்டையில் வந்த அதே வாடை. நீ அதைக் கைவிட்டுப் பதினோரு வருஷம், கண்ணை மூடி எட்டு மாதம் ஆகியும் மரத்தை விட்டு அது போகவில்லை.

போன மாதம் உன் சம்சாரம்தான் நெமிலிச்சேரியிலிருந்து கள்ளிக்குப்பம் வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. "இந்த வருசம் அசனத்துக்கு நீங்கதான் அண்டாவப் பாக்கணும்னு சபையில சொல்லிட்டாவளாம்லா அண்ணே. அவரு துடுப்பாலயே கிண்டுங்க." வாங்கியதும் கீழே வைத்துவிட்டேன். வெயிட்டு என்று சமாளித்தேன்.

நான் பயந்தவனா சொல்லு? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒற்றை ஆளாக ஏழு பேரைப் புரட்டி எடுத்தவன். "போன வாரம் நாலு பேருன்னியேடே" என்று நீ சிரிப்பாய். எத்தனை பேரானால் என்ன, ஓடியது அவர்கள்தான். அப்பேர்ப்பட்டவனுக்குப் பதினோரு வருஷமாக, கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் தருகிற திருவிருந்து ஞாயிறு என்றால் பயம். அந்தப் பயத்தை உன்னிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம்தான் சொல்லவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முந்தின அந்த அறுப்பின் பண்டிகை ஞாபகமிருக்கிறதா? சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம். ஐயாயிரம் பேர் என்று நான் சொல்லிக்கொண்டு திரிவேன், உன் கணக்கில் அறுநூறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டாங்கித் தொழிற்சாலை வேலைக்கு வந்த நீ, உங்கள் ஊர் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தாய். ஆயர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை குழம்பை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பைக்கூட வாசத்திலேயே பிடிப்பாய். உப்புப் போட்டாயிற்று என்பதற்கு அடையாளம், அண்டா வாயின் மேல் குறுக்கே வைத்த துடுப்பு. "துடுப்பு குறுக்க கிடந்தா எவனும் கைய வைக்கப்பிடாது, கேட்டியாடே?" என்று எனக்கு மூன்று தரம் சொன்னாய்.

நீ உப்பைப் போட்டாய். துடுப்பைக் குறுக்கே வைத்தாய். இலை வாங்கப் போனாய். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் போனை நீட்டிக்கொண்டு போட்டோ எடுக்க வந்தான். நான் துடுப்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். படம் சிங்கம் மாதிரி வந்தது, அதில் பொய்யில்லை. எடுத்த துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்டா வாய் திறந்து கிடந்தது. துடுப்பை எடுத்தது நான்தான் என்பதே மறந்துபோய், உப்புப் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நீ வைத்திருந்த அளவுச் சட்டியால் இன்னொரு சட்டி போட்டேன்.

ஜெபம் முடிந்து முதல் வாய் வைத்ததும் பந்தி மொத்தமும் துப்பியது. "இன்னா அண்ணாத்தே, ஊர்லர்ந்து கடலையே மொண்டுகினு வந்துட்டியா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நீ தலையைக் குனிந்து, "உப்பு நான்தான் போட்டேன்" என்றாய். அது உண்மைதானே. மீதி உண்மை என் வாயில் இருந்தது. நான் அதைத் திறந்தேன், மச்சான். சிரிப்பதற்காகத் திறந்தேன்.

அன்றோடு துடுப்பைத் தொடுவதை விட்டாய். கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாய். திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் கைக்குள் ஒருவர் கை வைத்துச் சமாதானம் சொல்வோமே, அப்போது மட்டும் என்னைத் தேடிக்கொண்டு முன்னால் வருவாய். நான் காணிக்கைத் தட்டை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நழுவிவிடுவேன். உன் கை வெறும் கையாக நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அப்பத்தை வாங்குவேன். மனதில் ஒன்றை மறைத்துக்கொண்டு இதைத் தொடுகிறவன் தனக்கே தண்டனையைத் தின்கிறான் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தரமும் இதோ விழப்போகிறேன் என்றே காத்திருந்தேன்.

துடுப்பு வந்த அந்த வாரம் ஆயர் பேசினார். பீடத்துக்குக் காணிக்கையோடு வருகிறவனுக்கு, ஒருத்தனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகட்டும் என்றார். அவன் கல்லறையில் இருந்தால் எந்தப் பக்கம் போவது?

நெமிலிச்சேரிக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். "தங்கச்சி, அன்னிக்கி ரெண்டாவது உப்பு நான் போட்டது."

உன் சம்சாரம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தது. "அதுக்கப்பறம் அவிய எங்க அடுப்படிக்கே வரலண்ணே. கொழம்புல உப்பு சரியான்னு கேட்டாக்கூட, என் நாக்க நம்பாதன்னுட்டாவ."

"மன்னிச்சிடும்மா."

"என் பங்குக்கு மன்னிச்சிட்டேன். ஆனா அவிய பேரு பந்தியிலல்லா கெட்டுச்சு. அங்கதான சரிபண்ணணும்?"

இந்த வருஷத்து அசன ஞாயிறு அண்டா பக்கத்தில் உன் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றேன். பந்தியைப் பார்த்து, போட்டோவுக்குத் துடுப்பை எடுத்ததையும், ரெண்டாவது உப்புப் போட்டதையும், வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"மாமே, இன்னிக்கு இன்னா புதுக் கதை? சோக்கா கீது!" என்று ஒருவர் கத்தினார். பந்தி சிரித்தது. என் உயிர் அங்கேயே போனது. எத்தனையோ பொய்யை நம்பினவர்கள், இந்த ஒன்றை நம்பவில்லை.

அப்போது உன் சம்சாரம் எழுந்து வந்தது. எல்லாரும் பார்க்க இரண்டு கையையும் விரித்து என் கைகளை உள்ளே வைத்துக்கொண்டது. "சமாதானம் அண்ணே" என்று சத்தமாகச் சொன்னது. சிரிப்பு நின்றது. கடலையே மொண்டுவந்தாயா என்று அன்று உன்னைக் கிண்டல் பண்ணினவர் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உன் கை இத்தனை வருஷம் நின்ற இடத்தில் வேறொரு கை வந்தது. உன் கை வரவில்லை. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, மச்சான். அடுத்த அசனத்துக்கும் என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். உப்பைப் போட்டதும் துடுப்பைக் குறுக்கே வைப்பேன். வைத்துவிட்டு, யார் போட்டோவுக்குக் கூப்பிட்டாலும் போகாமல், ஆயர் ஆமென் சொல்லும்வரை அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பேன்.