அட்டையில் விட்ட பிழை

யூன் 18, புதன்

கொட்டாஞ்சேனைக்குப் போகும் 102 பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. இன்றைய நல்ல செய்தி அவ்வளவுதான்.

ஆசிரியர் பாலசுந்தரம் சேர் எல்லோரையும் கூப்பிட்டார். எல்லோரும் என்றால் மூன்று பேர். 29ஆம் திகதி வருவதுதான் ‘ஏழாம் நாள்’ வார இதழின் கடைசி அச்சு என்றார். முப்பத்தொரு வருடம், 1612 இதழ். இனி இணையத்தளம் மட்டும். அதை அவருடைய மகன் கிஷாந்த் பார்ப்பான். நானும் இருக்கலாமாம். "தலைப்புப் போடத் தெரிஞ்ச ஆள் வேணும்தானே அக்கா" என்றான். பத்தொன்பது வருடம் துணை ஆசிரியராக இருந்தவளுக்கு வந்த மரியாதை!

ஒருவரும் அழவில்லை. பக்கம் வடிவமைக்கும் கொன்ஸ்ரன்ஸ் மட்டும், அலுவலகத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல் யாருக்கு என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

யூன் 27, வெள்ளி

அட்டை அச்சுக்குப் போய்விட்டது. காலாவதியான மருந்து விற்கிற கடைகளைப் பற்றிய கட்டுரை. நான் எழுதியது, நல்ல கட்டுரை. படம்தான் இல்லை. படமெடுக்கும் ரிஸ்கானைப் போன வருடமே வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டோம்; இப்போது கல்யாண மண்டபங்களில் நிற்கிறான். கணினியில் பழையவற்றைக் கிண்டியதில் ‘மாளிகாவத்தை பார்மசி’ என்று ஒன்று அகப்பட்டது. கடை, பெயர்ப்பலகை, முன்னால் சனம்.

"இது எந்தக் கடை உஷாந்தி?" கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள்.

"பார்மசிதானே, போடுமப்பா. கேக் வந்திட்டுது."

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: ‘காலாவதி மருந்து பிடிபட்ட கடைகளில் ஒன்று’. பிறகு பிரியாவிடைக் கேக் வெட்டப் போனோம்.

யூன் 29, ஞாயிறு

வெள்ளவத்தையில் பத்து மணிக்கே இதழ் முடிந்துவிட்டது. "ஆளுக்கு ரெண்டு வாங்கிக்கொண்டு போகினம்" என்றார் பேப்பர் கடைக்காரர். நினைவாக வைத்திருக்கவாம்! இருக்கும்போது எட்டிப் பார்க்காமல் செத்தவீட்டுக்கு மட்டும் வருகிற சொந்தக்காரர்கள்.

வழக்கமாக எங்கள் இதழ் வியாழக்கிழமைக்குள் வடை சுற்றப் போய்விடும். அதில் எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் ஒருவரும் வடைக்குக் கொடுக்கமாட்டார்கள்.

யூலை 1, செவ்வாய்

காலையில் ஒரு போன்.

"மிஸ், நான் ஸாலிஹ். மாளிகாவத்தயில பார்மசி வெச்சிருக்கிற. உங்கட பொஸ்தகத்துட அட்டையில ஈக்கிறது என்ட கடை."

ஓடிப்போய்ப் பழைய இதழ்களைப் புரட்டினேன். கொரோனாக் காலத்தில் வீடு வீடாக மருந்து அனுப்பிய கடை என்று நாங்களே பாராட்டி எழுதியிருக்கிறோம். அதற்கு ரிஸ்கான் எடுத்த படம். பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிகிறது. கண் இருந்தும் நான் வாசிக்கவில்லை.

உண்மையை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு — நல்லவேளை, திருத்தம் போட அடுத்த இதழ் இல்லை. சீ.

யூலை 2, புதன்

கிஷாந்த் இரண்டு நிமிடத்தில் இணையத்தில் படத்தை மாற்றினான். "சரி அக்கா. இனி ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருவருக்கும் தெரியாது — பிழை விட்டதும் தெரியாது, திருத்தியதும் தெரியாது. இதுவா திருத்தம்?

மாளிகாவத்தைக்குப் போனேன். ஓட்டோவில் மூன்று தரம் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். ஸாலிஹுக்கு அறுபது வயதிருக்கும். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாற்றிய பக்கத்தைப் போனில் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது சரி மிஸ். ஆனா கடைக்கி வாற ஆக்கள் இதயா பாத்த? அவங்கட கையில ஈக்கிறது பொஸ்தகம். நேத்து ஒரு வயசான உம்மா, நான் குடுத்த சிரப் போத்தல திருப்பித் திருப்பித் திகதி பாத்தா. இருவது வருஷமா வாற உம்மா."

"நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

"எதுல போட்டீங்களோ, அதுல போடுங்க."

எங்கள் விதியைத்தான் அவர் தெரியாமலே சொல்கிறார். எந்தப் பக்கத்தில் பிழையோ அந்தப் பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வரவேண்டும். சேர் முதல் இதழில் எழுதிவைத்த விதி. அட்டையில் விட்ட பிழைக்கு அட்டை வேண்டும். அட்டைக்கு நான் எங்கே போவேன்?

யூலை 6, ஞாயிறு

இதழ் இல்லாத முதல் ஞாயிறு. போட்டோக்கொப்பிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து பெருமையோடு காட்டினார். எங்கள் கடைசி அட்டை, லமினேட் செய்து. மூன்று பேர் இப்படிச் செய்துகொண்டு போனார்களாம்.

ஸாலிஹின் கடை, என் பொய் வரியோடு, பிளாஸ்ரிக்குக்குள். எண்ணெய் பட்டாலும் அழியாது.

யூலை 8, செவ்வாய்

சேரிடம் கேட்டேன். "மூடியாச்சு பிள்ளை. ஒரு பிழைக்காக இன்னொரு இதழ் போடேலுமே? இணையத்தில வருத்தம் தெரிவிச்சு விடு" என்றார்.

சத்தம் போட்டுவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தரம். "விதியை எழுதினது நீங்கள்தானே சேர்? நாங்கள் மூடினா பிழையும் மூடுபட்டிடுமோ?" வாசலில் கொன்ஸ்ரன்ஸ் கேத்தலோடு நின்றாள்.

பஸ்ஸில் அழுகை வந்தது. பிழை என்னுடையது, கத்தியது அவரிடம்.

யூலை 9, புதன்

இருப்புக் கொள்ளவில்லை. பிரஷர் மாத்திரை போட்டேனா? நினைவில்லை. கிஷாந்த் தலைப்புக் கேட்டு மூன்று மெசேஜ். ‘இதைச் சாப்பிடுபவரா நீங்கள்? அப்படியென்றால்...’ என்ற மாதிரி வேண்டுமாம். பதில் போடவில்லை.

யூலை 11, வெள்ளி

ஜிந்துப்பிட்டியில் ஒரு சின்ன அச்சகம். கல்யாண அட்டையும் திருவிழா நோட்டீஸும் அடிப்பவர்கள். கொன்ஸ்ரன்ஸ் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு தாள். மேலே அதே எழுத்தில் ‘ஏழாம் நாள்’. அதே படம், அதே அளவு. கீழே:

‘இது ஸாலிஹ் அவர்களின் கடை. இங்கே காலாவதி மருந்து பிடிபடவில்லை. விசாரிக்காமல் படத்தைப் போட்டது எங்கள் தவறு. அந்தத் தவறைச் செய்தவர்: உஷாந்தி, துணை ஆசிரியர்.’

"பேர் வேண்டாமப்பா" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். போட்டேன்.

முதல் தாள் வெளியே வரும்போது வாசலில் சேர் நிற்கிறார். யார் சொன்னது? கொன்ஸ்ரன்ஸ் மின்விசிறியைப் பார்த்தாள். கேட்காமல் இதழின் பெயரை எடுத்ததற்கு ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவர் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முழுதாக வாசித்தார்.

"இலக்கம் எங்க?"

"என்ன இலக்கம் சேர்?"

"இலக்கம் இல்லாட்டி இது நோட்டீஸ். 1613 எண்டு போடுங்கோ. திகதி, வாற ஞாயிறு."

எங்கள் கடைசி இதழ் இதுதான். ஒரு தாள்.

யூலை 13, ஞாயிறு

மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை. இதழ் விற்ற கடைகள் எல்லாவற்றிலும் கொடுத்தோம். கால் கழன்றுவிட்டது. போட்டோக்கொப்பிக் கடையில் இதையும் லமினேட் செய்யச் சொன்னேன்.

ஸாலிஹ் இரண்டு தரம் வாசித்தார். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக, தெருவில் நிற்பவர் வாசிக்கும்படி ஒட்டினார்.

யூலை 24, வியாழன்

கிஷாந்திடம் சொன்னேன்: வேலைக்கு வருகிறேன், ஆனால் தளத்தில் எதை மாற்றினாலும் மாற்றினோம் என்று மேலேயே எழுத வேண்டும். யோசிக்கிறானாம். யோசிக்கட்டும்.

பிரஷர் மாத்திரை முடிந்துவிட்டது. வெள்ளவத்தையில் திரும்பின பக்கமெல்லாம் பார்மசிதான். நான் மாளிகாவத்தைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற உம்மா மருந்துப் போத்தலைத் திருப்பிப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவர்தானா இவர்? கேட்கத் துணிவில்லை. டொக்டர் எழுதித் தந்த துண்டை நீட்டினேன். ஸாலிஹ் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.

"மிஸ், இது போன வருஷத்துத் துண்டு."

"அதே மாத்திரைதான் ஸாலிஹ் நானா. வெள்ளவத்தையில இதைக் காட்டித்தான் மாசாமாசம் வாங்கிறனான்."

"அங்க தருவாங்க. இங்க, திகதி முடிஞ்ச துண்டுக்கு மருந்தில்ல. டொக்டர்ட்ட காட்டிட்டு வாங்க."

கதவில் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன், ஒரு மாதத்துக்குப் பிறகு. அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

டொக்டருக்கு நம்பர் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை நான்கு மணி. அங்கிருந்து நேரே மாளிகாவத்தை.