ஓடைக்கரைச் செடிகளும் எங்கள் தொண்டும்

12 பிப்ரவரி 1928, ஞாயிறு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரையை எங்கள் ஜன சேவா சங்கம் இன்று சுத்தம் செய்தது. கொசு ஒழியட்டும் என்று யோசனை சொன்னவன் செயலாளராகிய நான். செடி, கொடி, புதர் ஒன்று பாக்கியில்லை. பதினெட்டுப் பேர் வெட்டினார்கள். ஆறு பேர் மேற்பார்வை பார்த்தோம். ஓடை வெயிலில் கண்ணாடி போல மின்னியது. தலைவர் ரெங்கசாமி அரிவாளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் முடிந்ததும் அரிவாளை வெட்டுகிறவரிடமே கொடுத்துவிட்டார்.

20 மார்ச்

குடியிருப்பில் மூன்று வீட்டில் குளிர்காய்ச்சல். சங்கம் கூடி விவாதித்தது. ஜனங்களுக்குச் சுகாதார அறிவு போதவில்லை என்று முடிவாயிற்று. மருந்து: ஒரு பிரசங்கம். கிள்ளான் பிரசங்கியார் பழனியப்பன் அவர்களுக்குக் கடிதம் எழுதினேன்.

29 மார்ச்

ஒன்பது வீடு.

2 ஏப்ரல்

என் மனைவி புஷ்பவல்லிக்கும் வந்துவிட்டது. மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடுகிறது. கொயினா மாத்திரை கொடுத்தேன். "காது இரையுதுங்க" என்கிறாள்.

6 ஏப்ரல்

ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் வருகிறது. எங்கள் ரயில்கூட இவ்வளவு ஒழுங்கில்லை. பழனியப்பன் பதில் போட்டிருக்கிறார்: ஞாயிறு வருகிறார்; எளிமையை விரும்புவதால் மூன்றாம் வகுப்பில்; வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மாலை வாங்கறப்ப ரெண்டா வாங்கிடுங்க. ஒண்ணு எனக்கு ஆகும்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

8 ஏப்ரல், ஞாயிறு

மூன்றாம் வகுப்பிலிருந்து வெள்ளை வேட்டி, கறுப்புக் குடையோடு ஒருவர் இறங்கினார். வாய் திறக்குமுன் ரெங்கசாமி மாலையைப் போட்டுவிட்டார். வெடித்த பாதங்களைப் பார்த்து, "எளிமைன்னா இதான்யா" என்று என் காதில் சொன்னார். போகும் வழியில் எங்கள் ஓடையைக் காட்டினோம். வந்தவர் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடையில் அவர் சொன்னது: "ஐயா, நான் பிரசங்கம் பண்ணறவன் இல்லீங்க. பேரு அய்யாவு. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல கொசுப்புழு சாகக் காவாய்க்கு எண்ணெ அடிக்கிறவன். தங்கச்சியப் பாக்க வந்தேன். மாலையப் போட்டுக் கூட்டியாந்துட்டீங்க."

"என்ன அடக்கம்" என்றார் ரெங்கசாமி.

"வந்தது வந்துட்டேன், ஒண்ணு கேக்கறேன். அந்த ஓடைய யாரு மொட்டையடிச்சது?"

"சங்கம்" என்று பல குரல்கள் பெருமையாகக் கூறின.

"இந்தப் பக்கத்துக் காய்ச்சக் கொசுவுக்கு நெழல் ஆகாதுங்க. வெயில் படற தெளிஞ்ச தண்ணியிலதான் முட்ட போடும். எங்க தொரையும் இப்படித்தான் வெட்டச் சொன்னாரு. பாதி ஆளு படுத்துருச்சு. இனிமே வாரம் ஒருக்கா எண்ணெ அடிங்க. செடிய வளர விடுங்க."

யாரும் கைதட்டவில்லை. தட்டவேண்டிய இடம் எது என்று தெரியவில்லை.

வெட்டச் சொன்னவன் நான். "செயலாளரின் அயராத உழைப்பு" என்று அறிக்கையில் எழுதியவனும் நானே. வீட்டுக்கு வந்தால் புஷ்பா என்னைப் பாத்து, யாருங்கன்னு கேக்கறா. நானேதான் கொசுவ வளத்து வீட்டுக்குள்ள விட்டேனா? அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் — வேணாம். எழுத வேணாம்.

10 ஏப்ரல்

என்னை அடையாளம் தெரிகிறது. கஞ்சியில் உப்பில்லை என்று திட்டினாள். திட்டட்டும்.

பழனியப்பனிடமிருந்து கடிதம். ஞாயிறு காலை வேறொரு சங்கத்தில் நேரந்தவறாமை பற்றிப் பேசினாராம். முடிக்கத் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டாராம்.

15 ஏப்ரல், ஞாயிறு

அய்யாவு தாமாகவே வந்தார், மாலைக்குப் பயந்து, ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம் என்று தங்கை மூலம் சொல்லியனுப்பிவிட்டு. பூவாளியில் எண்ணெயை எப்படித் தெளிப்பது என்று காட்டினார். "ஊத்தாதீங்க ஐயா, கொழம்பா வைக்கிறோம்?" என்று என்னிடம்தான் சொன்னார். எட்டுப் பேர் வேலை செய்தோம். மேற்பார்வைக்கு ஆள் கிடைக்கவில்லை.

6 மே

நான்காவது ஞாயிறு. எண்ணெய்.

27 மே

புஷ்பவல்லிக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் இல்லை. குடியிருப்பிலும் இந்த மாதம் புதிதாக ஒருவர்தான் படுத்தார். "தள்ளி உக்காருங்க, எண்ணெ லோரி மாதிரி நாறுறீங்க" என்கிறாள் புஷ்பா. ஆண்டறிக்கையில் என் உழைப்பை அடித்துவிட்டேன். "அயராத" என்ற சொல்லை மட்டும் அடிக்கச் சற்று நேரமாயிற்று.

12 ஆகஸ்ட், ஞாயிறு

கரையில் செடிகள் தோளுயரம் வளர்ந்துவிட்டன. தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழனியப்பன் அவர்கள் இன்று மெய்யாகவே வந்து சேர்ந்தார். ரெங்கசாமி இரண்டு முறை பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மாலையைப் போட்டார். பிரசங்கம் ஒன்றேகால் மணி நேரம். முடிவில் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "குடியிருப்புக்கு அருகே இப்படி ஒரு புதரா? இந்த ஊரில் தொண்டர்களே இல்லையா? நாளைக்கே வெட்டி எறியுங்கள்" என்று முழங்கினார்.

ரெங்கசாமி கூரையைப் பார்த்தார். நான் எழுந்து, யோசனை மிக ஆழமானது, சங்கம் அதை உரிய காலத்தில் பரிசீலிக்கும் என்று நன்றி கூறினேன்.

அப்போது பெண்கள் பெஞ்சில் ஒரு தலை குனிந்து சிரிப்பில் குலுங்கியது. காலையில் பிரசங்கியாரின் மாலையோடு நான் வாங்கி வந்த மல்லிகை அதில் இருந்தது.