அவனுக்கு இடமில்லாத வரிகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

வெளியே பனி. டொலீடோ நகரமே சோம்பிக் கிடக்கிறது. காலையிலிருந்து நானும் ஃபாரிஸும் பட்டியலோடு மல்லுக்கட்டுகிறோம்.

மருத்துவப் படிப்பு முடிகிறது, அடுத்து முதுநிலைப் பயிற்சி. ஜோடியாக விண்ணப்பித்ததால் பட்டியலும் ஜோடிதான். ஒவ்வொரு வரியிலும் எனக்கொரு மருத்துவமனை, அவனுக்கொரு மருத்துவமனை. கணினி மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். எந்த வரியில் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கிறதோ, அங்கே நின்றுவிடும். எனக்கு அவசர சிகிச்சை, அவனுக்குக் குழந்தை மருத்துவம். முதல் தகுதித் தேர்வில் ஒருமுறை தவறியவன் என்பதால் அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்ட ஊர்கள் கொஞ்சம்தான். அதில் அல்புகர்க்கி இல்லை.

போன ஆகஸ்டில் ஒரு மாதம் அங்கே வேலை பார்த்தேன். யாரும் என்னை "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொல்லவில்லை. கடைசி நாள், திரும்பி வா என்றார்கள். பரவாயில்லை. ஊரா முக்கியம்?

பிப்ரவரி 16

அல்புகர்க்கி கனவில் வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சண்டை. பட்டியலின் அடியில் இன்னும் சில வரிகள் சேர்க்கலாம் என்கிறான். எனக்கு ஒரு மருத்துவமனை, அவனுக்கு 'இடமில்லை' என்று. மேலே உள்ள ஜோடி எதுவும் அமையாவிட்டால் நானாவது பிழைத்துக்கொள்வேனாம். இல்லையென்றால் இரண்டு பேருமே தெருவில்.

முடியவே முடியாது என்றேன். அவனுக்கு இடமில்லை என்று என் கையாலேயே எழுதுவதா?

"என்னால உனக்கும் ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா, நான் உன் முகத்துல எப்படி முழிப்பேன், லூசு?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

வரிகளைச் சேர்த்தேன், டொலீடோவை முதலில் வைத்து. அவனுக்கு எங்கும் கிடைக்காவிட்டாலும் இதே வீட்டில் சேர்ந்தாவது இருப்போமே.

எட்டிப் பார்த்தான். அவனுக்கு வந்த கோபத்தை இதுவரை நான் பார்த்ததே இல்லை.

"என்மேல பாவப்பட்டு இங்க உட்காராத, கிர்ஸ்டன். அந்த வரியில நான் இல்லவே இல்ல. உனக்கு என்ன வேணுமோ அதை எழுது."

டொலீடோவுக்கு மேலே எழுதினேன். 'அல்புகர்க்கி — இடமில்லை'. எழுதும்போது உள்ளுக்குள் ஒரு துள்ளல். சீ, என்ன மனசு இது!

மார்ச் 5

பட்டியலை அனுப்பியாயிற்று. இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

மார்ச் 17, திங்கள்

காலை பத்து மணிக்கு மின்னஞ்சல். இன்று இடம் உண்டா இல்லையா என்று மட்டும்தான் சொல்வார்கள். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமை உறையில்.

எனக்கு உண்டு. அவனுக்கு இல்லை.

அந்தக் கடைசி வரிகளில் ஏதோ ஒன்றுதான் பலித்திருக்கிறது. நான் அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான் — யாருக்கு யார் ஆறுதல் சொல்வது? பிறகு மீதமிருக்கும் காலியிடங்களுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தான். குழந்தை மருத்துவம்தான் வேண்டும் என்றில்லை, எது கிடைத்தாலும் சரி என்றான். ஐரிஷ்காரர்களின் திருநாள் என்று தெருவில் எல்லோரும் பச்சைச் சட்டை போட்டுக் குடித்துக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்ச் 19

இரண்டு இடத்திலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். குரல் உடையாமல் பேசினான். கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இரண்டுமே கிடைத்தன! ஒன்று டேட்டன், இங்கிருந்து பக்கம். இன்னொன்று எல் பாசோ, நாட்டின் அந்தக் கோடி, அல்புகர்க்கி இருக்கும் பக்கம். இரண்டும் குடும்ப மருத்துவம். முடிவு சொல்ல இரண்டு மணி நேரம் தந்தார்கள். நான் எங்கே என்று நாளைதான் தெரியும். ஒருவேளை டொலீடோவாகவே இருந்தால்? டேட்டனை எடு, அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எல் பாசோவை அழுத்திவிட்டான்.

"அல்புகர்க்கிக்காரங்க உன்ன விடமாட்டாங்க. எனக்குத் தெரியும்."

என்னைவிட என்மேல் இவனுக்குத்தான் அதிக நம்பிக்கை. பயமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

அல்புகர்க்கி.

கல்லூரி அரங்கில் எல்லோரும் கத்தியதில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவன் என்னைத் தூக்கிவிட்டான், ஒல்லிப்பிச்சான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மா ஹனானுக்குப் போன் போட்டான். இரண்டு பேரும் ஒரே ஊரா என்றுதான் முதலில் கேட்டார்.

"ஒரே ஆத்தங்கரைம்மா. அவ மேல, நான் கீழ."

எவ்வளவு தூரம் என்றார். காரில் நாலு மணி நேரம் என்றான். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ கிளம்புறதுக்கு முன்னாடி கல்யாணத்த முடிச்சிடுங்க" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டான், என்னைக் கேட்காமலேயே. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.