நீ அவசரப்படுகிறவன் இல்லை

இன்று மதியம் விருதுநகரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். தலைவாழை இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துக் கையால் வழித்துவிட்டதும் அந்தப் பச்சை வாசம் எழும்பியது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பெண்ணின் தகப்பனார் பதறிப்போய் ஓடிவந்தார். "என்னங்க வக்கீலய்யா, எந்திரிச்சிட்டீக? ஏதும் குறையா?" என்றார். வயிறு சரியில்லை என்று வழக்கமாகச் சொல்லும் பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உன்னை வாழை இலையில்தான் கிடத்தியிருந்தார்கள். தீப்பட்ட உடம்பு துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக இலை. அதை வதங்க வதங்க மாற்றினார்கள். அன்றிலிருந்து நான் தட்டில்தான் சாப்பிடுகிறேன். இன்று பெரிய இடத்து அழைப்பு, மறுக்க முடியவில்லை.

சென்னையில் நாம் சட்டம் படித்த நாட்களில் உன்னைப்போல ஒரு ஆமையை நான் பார்த்ததில்லை. விடுதிச் சாப்பாட்டு அறையில் நாங்கள் கைகழுவிவிட்டு வரும்போது நீ அப்போதுதான் ரசத்துக்கு வந்திருப்பாய். பஸ்ஸைத் துரத்தி ஏறமாட்டாய். "ஏலே, நீ வாதாடி முடிக்கிறதுக்குள்ள கைதி தண்டனையையே அனுபவிச்சு முடிச்சிருவான்லே" என்று நான் கேலி செய்வேன். நீ சிரிப்பாய். "வெடி மருந்துகிட்ட அவசரம் ஆகாதுலே. எங்க ஊர்ல நடக்கப் பழகுறப்பவே அதைச் சொல்லித்தான் வளப்பாக" என்பாய். எம். புதுப்பட்டியில் உன் அம்மாவும் தங்கை லூர்துவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த்தான் உன்னைப் படிக்கவைத்தார்கள். வக்கீலாகி, கம்பெனிகளில் அடிபட்டவர்களுக்காக கோர்ட்டில் நிற்கப்போவதாக நீ சொன்னபோது நான் நம்பினேன். என் அப்பா வத்தல் மண்டி வைத்திருந்தவர். எனக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. உன் காரணத்தையே எனக்கும் வைத்துக்கொண்டேன்.

சாட்சியச் சட்ட வகுப்பு நினைவிருக்கிறதா? மரண வாக்குமூலம் பற்றிய பாடம். சாகிற தறுவாயில் மனிதன் பொய் சொல்லமாட்டான் என்று சட்டம் நம்புகிறது, அதனால் குறுக்கு விசாரணை இல்லாமலேயே அவன் பேச்சைச் சாட்சியமாக ஏற்கிறது என்று பேராசிரியர் விளக்கினார். நீ மெதுவாக எழுந்தாய். "அவன் போன பிறகும் பிழைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால், சார்?" என்றாய். வகுப்பே சிரித்தது. தெய்வத்துக்குப் பயந்தவன் இப்படிக் கேட்கமாட்டான் என்று அவர் உன்னை உட்காரவைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத உன்னைப் பார்த்து!

வெளியே வந்ததும் நானும் விடவில்லை. "சாகப்போறப்ப நீ பொய் சொல்லுவியாலே?" என்று கேட்டேன். "நான் எதுக்குலே சாகப்போறேன்?" என்றாய்.

அந்தக் கோடை விடுமுறையில் உன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அவர்களுக்குப் பதிலாக நீ கம்பெனிக்குப் போனாய். விபத்துச் சேதி கேட்டு நான் திருத்தங்கல் வழியாக பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

"உச்சி வெயில்ல மருந்து கலக்க மாட்டேன்னுதாம்லே சொன்னேன். லோடு கெளம்பணும்னு போர்மேன் தலைமாட்டுலயே நின்னுக்கிட்டு வெரட்டுனாரு. சூட்டுல தானா பத்திக்கிருச்சு" என்றாய்.

 வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்துகொண்டிருந்தார். "இதை அப்படியே அவர்கிட்டச் சொல்லு. இதை எந்தக் கோர்ட்டும் தள்ள முடியாது. நாம படிச்சதுதானலே" என்றேன்.  வாசல் பக்கம் பார்த்தாய். உன் அம்மாவும் லூர்துவும் அங்கே நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சும்மா நின்றார்கள். போன விபத்தில் போலீசிடம் வாய் திறந்தவன் குடும்பத்துக்கு அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்கவில்லை என்பது உங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நீதான் அதை எனக்கு முன்பு சொல்லியிருந்தாய்.

மாஜிஸ்திரேட் எங்களை வெளியே அனுப்பினார். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"எப்படிப்பா தீப்பிடிச்சது?"

"நான்தான் அவசரப்பட்டுட்டேங்கய்யா. கலக்குறப்ப கை தவறிருச்சு."

"யாரும் இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலீங்க. போர்மேன் அப்ப அங்கன இல்ல."

கேட்கப்போகிற கேள்விகள் எல்லாமே உனக்குத் தெரிந்திருந்தன. எதைச் சொன்னால் வழக்கு முளைக்கவே முளைக்காதோ, அதைப் பார்த்துச் சொன்னாய். படித்த படிப்பை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பயன்படுத்தினாய், அதையும் இதற்குப் பயன்படுத்தினாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவர் போன பிறகு உன் பாவசங்கீர்த்தனம் கேட்க மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய்.

என்னிடம் நீ முதலில் சொன்னதும் மரண வாக்குமூலம்தானே என்று போலீசுக்குப் போனேன். "மாஜிஸ்திரேட் எழுதுனது பெருசா, தம்பி, நீங்க காதுல கேட்டது பெருசா?" என்றார் இன்ஸ்பெக்டர். பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். லூர்து அடுத்த அறையில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். போர்மேன் விரட்டிய சத்தம் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. உங்கள் வீட்டுக்குப் போனேன்.

"எங்கண்ணன் அவசரப்படுற ஆளா, அண்ணே? அந்த ஆளு போட்ட சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு" என்று அவளாகவே சொன்னாள்.

"அதை நீ கோர்ட்டுல சொல்லும்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கண்ணன் பொய் சொல்லிட்டுச் செத்தான்னு என் வாயால சொல்லச் சொல்றீகளா? சாமி கிட்டப் போற நேரத்துல பொய் சொன்னான்னு?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.  உன் கவனக்குறைவு என்று எழுதி வழக்கை மூடினார்கள். கம்பெனி திறந்தது. லூர்து வேலைக்குப் போனாள், இன்னும் போகிறாள். அங்கே இன்றைக்கும் உச்சி வெயிலில்தான் கலக்கிறார்கள். உன் சாவினால் அந்த அறையில் ஒரு ஜன்னல்கூடக் கூடுதலாக வைக்கப்படவில்லை.

நான் வக்கீலானேன். உன் காரணத்துக்காகத்தான் ஆனேன். ஆனால் பட்டாசு வழக்கு எதையும் நான் ஜெயித்ததில்லை. எல்லாவற்றிலும் செத்தவன் வாக்குமூலம் ஒன்று இருக்கிறது, எல்லாரும் கைதவறியே செத்திருக்கிறார்கள். சாகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று எதிர்த்தரப்பு எழுந்து சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

சாமியாரிடம் நீ என்ன சொன்னாய்? உண்மையைச் சொல்லியிருந்தால் அவரும் அதை வெளியே சொல்ல முடியாது. சொல்லாமலேயே போய்விட்டாயோ என்று நினைத்தால் தூக்கம் கெட்டுப்போகிறது.

உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது இந்த மெதுநடை ஒன்றுதான். கோர்ட்டுக்குப் போகிற வழியில் கட்சிக்காரர்கள், "கொஞ்சம் வெரசா வாங்கய்யா" என்று தவிக்கிறார்கள். நான் வேகத்தைக் கூட்டுவதில்லை. நீ அவசரப்படுகிறவன் இல்லை என்பதற்கு லூர்துவும் நானும்தான் சாட்சி. எங்களை எந்தக் கோர்ட்டும் கூப்பிடப்போவதில்லை.