டிங்கரிங் ஆளைத் திருப்பி அனுப்புங்கள்

என்னங்க,

காரின் நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்ய நீங்கள் வரச்சொன்ன டிங்கரிங் ஆள் ஒன்பது மணிக்கு வருவான். தொடவிடாமல் அனுப்பிவிடுங்கள். கார் இருக்கிறபடியே இருக்கட்டும். சாவி என் கைப்பையில் இருக்கிறது, தேட வேண்டாம்.

பெரியவளும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். நான் இழுத்துப்போகவில்லை. காலையில் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "இடிச்சது நான்தான்னு நானே சொல்லிடறேம்மா. அந்த ஆள் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது எனக்குச் சோறு எறங்கல. நீ கூட மட்டும் வா" என்றாள்.

இந்த ஒரு வாரமும் மூவரும் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, ஞானத்தைத் தாரும்" என்று கேட்டோம். நீங்கள் கேட்டது ஞானம் இல்லை, ஒளிய ஓர் இடம். நேற்று அதைச் சொன்னதற்குத்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

நமக்கு நடுவில் அவளும் முழங்கால் போட்டிருந்ததை நாம் இருவருமே மறந்துவிட்டோம். பதில் அவளுக்கு வந்திருக்கிறது.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். வாசலில் நின்றுகொண்டு, "அப்பா வருவாரா?" என்று கேட்கிறாள்.