ஒன்பதாவது விதி

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, பெய்யாது. தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

பொத்தேரி கல்லூரியிலிருந்து போன். சனிக்கிழமை பேச வேண்டும். தலைப்பு: எரிபொருள் இறக்குமதியைக் குறைப்பதில் நம் பங்கு. சந்தோஷம். அனல் மின் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் நிலக்கரிக் கப்பலுக்குக் காத்திருந்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது.

சாயந்திரம் மூன்றாம் மாடி ஷீலா. குடிவந்து நாலு மாதம். நாவலூரில் ஐ.டி. ஆபீஸ் கேன்டீனில் சூப்பர்வைசர். பேட்டரி ஸ்கூட்டரில்தான் போய் வருகிறாள். கீழே தண்ணீர் மோட்டார் பக்கத்துப் பிளக்கில் சார்ஜ் போடுவாள். அதை யாரோ டேப் ஒட்டி மூடிவிட்டார்களாம். ஃபிளாட் செக்ரட்டரியான எனக்கே தெரியாது என்றேன். உண்மைதான்.

ஜூலை 15, செவ்வாய்

பவர் ஷட்டவுன், ஒன்பது முதல் இரண்டு. விசிறி மட்டைக்குக் கைப்பிடி இல்லை.

டேப் ஒட்டியது முதல் மாடி வரதன். பேட்டரி வெடித்தால் தரைத்தள வீட்டுக்காரர் நீங்கள்தான் முதலில் போவீர்கள் என்றார் என்னிடம். கையில் எங்கள் ஃபிளாட்டின் விதிப் புத்தகம். விதி 9: பொது மீட்டரிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது.

எழுதியவன் நான். பன்னிரண்டு வருடம் முன்பு ஒருத்தர் வீட்டுக் கிரைண்டரைக் கீழே இறக்கிப் பொதுப் பிளக்கில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். தினம் சண்டை. அதற்காக எழுதியது. "எவ்விதக் கருவிக்கும், எக்காரணம் கொண்டும்" என்று வேறு சேர்த்திருக்கிறேன். அன்று எவ்வளவு பெருமை எனக்கு. கிரைண்டருக்கு வைத்த பொறி.

ஜூலை 16, புதன்

கூட்டம். எட்டு வீட்டில் ஆறு பேர். ஷீலா தன் சொந்த மீட்டரிலிருந்தே வயர் இழுத்துக்கொள்கிறேன் என்றாள். அது வரதன் கார் நிற்கும் இடத்தைத் தாண்ட வேண்டும். முடியாது என்றார். அவள் வீட்டு ஓனர் பெங்களூரிலிருந்து ஸ்பீக்கர் போனில்: டெனன்ட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?

கீழே வண்டிக்கு சார்ஜ் போடக் கூடாது என்று நோட்டீஸ் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நல்ல தமிழில் எழுதினேன், அதுதான் எரிச்சல்.

எல்லோரும் போனபின் அவள் நின்றாள். "சார், உங்க கிச்சன் ஜன்னல் வழியா ஒரு வயர் விட்டா போதும். கரண்ட் செலவ நான் பாத்துக்கறேன்."

என் வீடு, என் மீட்டர். விதி 9 தொடாது. யாரையும் கேட்க வேண்டாம்.

நாளைக்குச் சொல்றேம்மா என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. தெருக்கோயில் ஸ்பீக்கர் ஐந்து மணிக்கே. சீரியல் பல்பு எங்கள் சுவர் வரை. அது யார் மீட்டர் என்று வரதன் கேட்கவில்லை.

வீட்டில் கமலாவிடம் வயர் விஷயத்தைச் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "நோட்டீஸ்ல கையெழுத்து போட்டுட்டு நீங்களே வயர் குடுத்தா, இந்தக் கட்டடத்துல நம்மள யாருங்க மதிப்பா?" போன வருடம் அவளுக்கு மூச்சுத் திணறியபோது காரை எடுத்தது வரதன்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

பேச்சுக் குறிப்பு:
1. கச்சா எண்ணெய், பெரும்பகுதி வெளியிலிருந்து.
2. எத்தனால் கலப்பு.
3. மொட்டைமாடி சோலார்.
4. மின் வாகனம். தடை மனசில்தான்.

நாலாவதை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

வாங்க: தனியா, கொசுவத்தி, 16 ஆம்பியர் பிளக்.

ஜூலை 18, வெள்ளி

ஷீலா கண்ணில் படாமலிருக்கப் பின் கேட் வழியாகப் பால் வாங்கப் போனேன். அறுபத்தாறு வயதில். வெட்கமாக இருக்கிறது.

பிளக் வாங்கினேன். கடைக்காரர், "இன்னாத்துக்கு சார், ஏசிக்கா?" ஆமாம் என்றேன். அவரிடம் பொய் சொல்ல என்ன அவசியம்?

பிளக் மேசை டிராயரில். கமலாவுக்குத் தெரியாது. நாளைப் பேச்சு முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை ஷீலாவிடம் சொல்லிவிடலாம்.

ஜூலை 19, சனி

தூறல். தனியா மறந்துபோச்சு, திட்டு. பேச்சுக் குறிப்பு ஃபைலும் குடையுமாக, ரயில்வே ஸ்டேஷன் போக, கேட்டில் ஆட்டோவுக்கு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

ஷீலா வந்து நிறுத்தினாள். பழைய பெட்ரோல் ஸ்கூட்டர். புகை. பேட்டரி வண்டியை நேற்றே விற்றுவிட்டு இதை வாங்கிவிட்டாளாம். மூன்று நாள் பஸ்ஸில் போய் மூன்று நாளும் லேட், மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருக்கலாம்.

"இனிமே யாருக்கும் தொந்தரவு இல்ல சார். ஸ்டேஷன்தானே, ஏறுங்க, விட்டுடறேன்."

பிளக் டிராயரில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் பெட்ரோல் பங்க். வரிசை. இறங்கி, ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பங்க் ஆள் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

"ஜீரோ பாத்துக்கோங்க சார்."

பார்த்தேன்.